நயினார் கட்டுக்குக் கீழே

செய்தியை எனக்குக் கொண்டுவந்தது ஆரணி பஸ். கலசப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் அது நிற்பதில்லை. நிறுத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அன்றைக்கு முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில் வாசலிலேயே நின்றது. எங்கள் கரையடித் தெருவைச் சேர்ந்த கண்டக்டர், ஊரில் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, படிக்கட்டில் நின்றபடியே சொன்னார்.

"பி.எஸ்.சி., நயினார் பூட்டாரு. வெயில் சாயறதுக்குள்ள எடுத்துடுவாங்களாம். ஜல்தி கெளம்பு."

பஸ் போய்விட்டது. லீவு லெட்டர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "சொந்தக்காரரா?" என்று கேட்டார். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. "எங்க கட்டுக்காரருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாந்திராஜ நயினாரை அறிந்த உங்களுக்கு அது புரியும். நம் படிப்பகத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவரும் நானும் பழகியது பேச்சால் அல்ல, எழுத்தால். அதனால் எழுதுகிறேன். இந்தப் பத்து வருஷத்தில் பிறந்த பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லியாக வேண்டும்.

ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, இரண்டு கரடுகளுக்கு நடுவே வரும் ஓடையை மறித்து அவருடைய தகப்பனார் போட்ட மண் கரைதான் நயினார் கட்டு. முன்னூறு தப்படி நீளம். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் விட ஒரு மதகு, மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் கல் கட்டிய கலங்கல். அவ்வளவுதான். நிலம் முழுக்க நயினாருடைய பட்டா. பொதுப்பணித் துறைக்கு அவர் ஒரு தரம் மனுப் போட்டார், யாராவது வந்து கரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. "இது எங்க ரிஜிஸ்டர்லயே இல்லீங்க, தனியார் கட்டு" என்று பதில் வந்தது. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. "அவங்க புஸ்தகத்துல இல்லன்னா, நாமதான் ஒரு புஸ்தகம் போட்டுக்கணும்" என்றார்.

அந்தக் கட்டுக்குக் கீழே எங்கள் முப்பத்தொரு வீடுகள் இருந்தன. ஆரணியில் ஒரே அறையில் இரண்டு தறி போட்டு, கால் நீட்ட இடமில்லாமல் கிடந்த குடும்பங்களுக்கு மனை கொடுத்துக் கொண்டுவந்து குடிவைத்தவர் அவர்தான். எங்களுக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டு இழை வறட்சியில் அறுந்துகொண்டே இருக்கும். கரைக்கு அடியில் தரை எப்போதும் குளிர்ச்சியாக இருந்ததால் குழித்தறியில் இழை அறவில்லை. தரையில் ஈரம் ஏறினால் நெசவுக்காரனுக்குச் சந்தோஷம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நயினார் சமணர். பட்டு உடுத்தியதில்லை. பூச்சியைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் நூல் அது என்பதால், தறி இருக்கும் வீட்டு வாசற்படியையும் அவர் மிதித்ததில்லை. தெருவில் நின்றுதான் பேசுவார். அடுத்த வீட்டு ருக்கு அக்கா அவரை விடமாட்டாள்.

"எங்களைப் பட்டு நெய்யச் சொல்லிக் குடிவெச்சதும் நீங்கதான், பட்டைக் கண்டா பத்தடி தள்ளி நிக்கறதும் நீங்கதான். இது இன்னா நியாயம் நயினார்?"

"உன் வயித்துப்பாட்டுல நான் குறுக்க வரல. என் மனசுல நீ குறுக்க வராத" என்பார் அவர்.

"சரி, எங்க பூச்சியைப் பத்தி நீங்க கேக்காதீங்க, உங்க நண்டைப் பத்தி நாங்க கேக்கல."

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலூரில் படித்து பி.எஸ்.சி. முடித்து வந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவர் யாருமில்லை. இரண்டு இடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் என் பெயரைச் சொன்னதோடு சரி, மேற்கொண்டு வாய் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் நாடாவுக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நயினார் வந்து தெருவில் நின்று, "உன் பொண்ணு தெனம் காலையில கரையை ஒரு சுத்து சுத்தி வந்து நோட்டுல எழுதுமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எழுதும். பேசச் சொன்னாத்தான் பேஜார்" என்றார் அப்பா.

"பேச ஆளுங்க நெறையக் கீறாங்க. எழுதத்தான் ஆள் இல்ல."

நீளமான நோட்டு ஒன்றில் அவரே கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, தண்ணீர் எத்தனை அடி, மழை, கரையின் நிலை. தினமும் காலையில் எழுதி அவர் வீட்டு வாசல் மாடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் போனால் நான் எழுதியதற்குக் கீழே அவருடைய பதில் இருக்கும். "மதகுப் பக்கம் ஆடுகள் கரையில் ஏறுகின்றன" என்று எழுதினால், "சொல்லியாயிற்று" என்று இருக்கும். "கரைமேல் வேலங்கன்று முளைத்திருக்கிறது" என்றால், "வேரோடு எடுத்து வேலியோரம் நட்டாயிற்று" என்று இருக்கும். ஒன்றரை வருஷம் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். பேசு பேசு என்று என்னை ஒருபோதும் அவர் வற்புறுத்தியதில்லை. என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்த காலம் அது. அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு காலையில் "நண்டு வளைகள் பதினான்கு, எலி வளைகள் ஆறு" என்று எழுதி வைத்தேன். மறுநாள் அதற்குக் கீழே, "பார்த்தேன். இருக்கட்டும்" என்று எழுதியிருந்தது.

கரை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த முனுசாமி மேஸ்திரி ஒரு பூச்சி மருந்து டப்பாவோடு வந்து நின்ற நாளும் ஞாபகம் இருக்கிறது.

"ஒரே டப்பா நயினார். ஒரே நாள். வளை பூரா சுத்தம்."

"வாணாம் முனுசாமி."

"கரை பொத்துகினா?"

"எங்கப்பா கரை போடறதுக்கு முன்னாலயே இந்த ஓடையில நண்டு கீது. நாமதான் அப்பறம் வந்தவங்க."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "கேட்டியா பி.எஸ்.சி.? நண்டுக்கும் பட்டா குடுத்துட்டாரு. நாளைக்குத் தாசில்தார்கிட்ட மனுப் போடச் சொல்லு."

நான் படித்தது விலங்கியல். நண்டு வளை எவ்வளவு ஆழம் போகும், எலி வளை எப்படி ஒன்றோடொன்று சேரும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அன்று நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் தண்ணீர் போதாமல் சம்பா கருகியிருந்தது. அதனால் அந்த வருஷம் நயினார் கலங்கலில் பனம்பலகைகளை அடுக்கி, மூன்றடி கூடுதலாகத் தண்ணீரைத் தேக்கினார். கலங்கலிலிருந்து தண்ணீர் வழிந்து போகும் வாய்க்கால் மண் மூடிப் போய், அதிலும் நெல் நட்டிருந்தது. கரை நிரம்பி நின்றதைப் பார்க்க ஆரணியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீடுகளில் தறிக்குழி ஜில்லென்று ஆனது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கார்த்திகையில் தொடர்ந்து மழை. ஒரு காலையில் ருக்கு அக்கா வீட்டுக்குப் பின்னால் கரையின் அடியில் புதிதாக ஈரம் கண்டேன். எழுதினேன். "மழை ஈரம்" என்று பதில் எழுதியிருந்தார். அடுத்த நாள் அந்த இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எழுதினேன். "கோடையில் உதவும்" என்று பதில். ருக்கு அக்காவோ, "இழை ஒண்ணுகூட அறலடி. அந்த ஊத்தை எழுதி எழுதிக் கண்ணு வெக்காத" என்றாள்.

மூன்றாம் நாள் காலை அந்த ஊற்றுத் தண்ணீர் டீயின் நிறத்தில் வந்தது. நண்டு வளைகள் நெருக்கமாக இருந்த இடத்துக்கு நேர் கீழே. அது என்ன என்று எனக்குத் தெரியும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய தண்ணீர் என்றால் கரை உள்ளே கரைகிறது. தெரிந்தும் என்ன செய்தேன்? நோட்டில் எழுதினேன். மாடத்தில் வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் போய் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து ஜன்னலில் வைத்தேன். நாலு தார் சுற்றி முடிப்பதற்குள் டம்ளரின் அடியில் செம்மண் அரை விரற்கடைக்குப் படிந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை, டம்ளர் கலங்கிவிடுமே என்று நடந்தேன்.

அவர் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது அவர் பேசமாட்டார். ஏதாவது காரணத்தால் பாதியில் எழுந்துவிட்டால், மறுநாள் விடியும் வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். அது அவர் எடுத்துக்கொண்டிருந்த நோன்பு. அதனால் அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் யாரும் போவதில்லை. அவர் மனைவி நயினாரம்மா என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, உட்கார் என்று கைகாட்டினார். நயினார் பேசமாட்டார். நான் பேசத் தெரியாதவள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பு என் வாயிலிருந்து வந்தது.

"கரை கரைஞ்சி வருதுங்க."

அவர் நிமிர்ந்து டம்ளரைப் பார்த்தார். அடியில் படிந்திருந்த மண்ணைப் பார்த்தார். இரண்டு கவளம்கூட உண்டிருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். நயினாரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை கழுவியபடியே அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான். "எங்க? காட்டு."

கரையடியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். உடனே முனுசாமி மேஸ்திரியைக் கூப்பிட்டு, கலங்கல் பலகைகளை எடுக்கச் சொன்னார்.

"இப்போ எடுத்தா பன்னண்டு ஏக்கர் சம்பாவும் படுத்துக்கும் நயினார். கதிர் வர்ற சமயம்."

"படுக்கட்டும்."

"களிமண்ணை வெச்சி ஊத்தை அப்பிப் பாத்துட்டு..."

"அப்பினா வேற பக்கம் பிச்சிகினு வரும். தண்ணி வரட்டும், மண்ணுதான் வரக்கூடாது. ஊத்து மேல மணலைக் கொட்டு. மணல் மேல சரளை, அது மேல கல்லு. நாலு ஆளை இங்க நிறுத்து, மீதிப் பேரு கலங்கலுக்கு."

தண்ணீரின் அழுத்தத்தில் பலகைகள் அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். முதல் பலகை பிய்ந்து போனதும் தண்ணீர் அவருடைய நெல்லுக்குள் இறங்கியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் எங்கள் தெருவுக்கு நடந்துவிட்டிருந்தார்.

"எல்லாரும் மேல ரோட்டுக்கு வாங்க. பிள்ளைங்க மொதல்ல. அரிசி பருப்புக்கு நிக்காதீங்க."

பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆடுகளை ஓட்டினார்கள். ஆனால் நெசவுக்காரர்கள் நகரவில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு முதலாளி கொடுத்த பட்டு, சரிகை. இழைகளைக் கோத்த அச்சோடு அவிழ்த்துச் சுருட்ட வேண்டுமென்றால் அரைநாள் வேண்டும். உடனே எடுக்க வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நெய்துகொண்டிருக்கும் பாவைத் தன் கையால் அறுப்பது எங்களில் யாருக்கும் ஆகாது. அப்பா குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். கல்யாணச் சேலை, முந்தானை பாக்கி.

"ரெண்டே முழம் நயினார். முடிச்சிட்டு வந்துடறேன்."

"கரை உனக்காகக் காத்திருக்காது. ஏந்திரு."

"நீங்க போங்க, வந்துடறேன். உள்ள வந்துடாதீங்க, பட்டு கீது" என்றார் அப்பா. அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல்.

நயினார் செருப்பைக் கழற்றினார். தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார். தறிக்கு முன்னால் வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தறியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அறு" என்றார். "இழையை இழையோட பிணைச்சிக்கலாம். உன்னை எதோட பிணைக்கறது?"

அப்பா கையிலிருந்த நாடாவை ஓரமாக வைத்தார். பிறகு என்னிடம் கத்தியைக் கேட்டார். அறுத்தார். அறுபட்ட பாவைச் சுருட்டித் தூக்கி எழுந்தபோது, நயினார் இரண்டு கைகளையும் நீட்டினார். அப்பாவுக்குப் புரியவில்லை. அவரே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ராணி வண்ணப் பட்டு, அவருடைய வெள்ளை வேட்டிமேல் தொங்க, தெரு வழியே மேட்டு ரோட்டுக்கு நடந்தார். அதைப் பார்த்த பிறகு யாரும் தாமதிக்கவில்லை. வீட்டுக்கு வீடு கத்தி எடுத்தார்கள். ருக்கு அக்கா அழுதுகொண்டே அறுத்தாள். அவளுடைய பாவையும் அவர்தான் தூக்கிப் போனார்.

பிற்பகலில் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கரையின் வெளிப்பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி அளவு மண் சரிந்து விழுந்தது, ருக்கு அக்கா வீட்டுப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு. அதற்கு மேல் சரியவில்லை. கலங்கலும் மதகும் சேர்ந்து அதற்குள் தண்ணீரை மூன்றடிக்கு இறக்கியிருந்தன. வெயில் சாயும்போது ஊற்றில் தெளிந்த தண்ணீர் வந்தது.

அவர் ரோட்டோரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். ருக்கு அக்கா எங்கிருந்தோ மோர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எங்க கையால குடிக்கமாட்டீங்களா?"

"இன்னிக்கு யார் கையாலயும் இல்லம்மா. நாளைக்குக் காலையில மொதல்ல உன் கையாலதான்."

மறுநாள் விடிந்ததும் வந்தார். அவள் புதுத் துணியில் தண்ணீரை வடிகட்டி, மோர் கரைத்துத் தயாராக வைத்திருந்தாள். பின்சுவர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து குடித்தார்.

அது நடந்து சில நாட்கள் கழித்து, பாவு நீட்டும் தெருவில் எல்லோரும் கூடினோம். அறுந்த பாவுகளைப் பிணைக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் என்னிடம் வந்தது. பெரியவர் ஒருவர் சொன்னார்: "மூணு நாளா தெரியுமாம் இந்தப் பொண்ணுக்கு. நோட்டுல எழுதி வெச்சிட்டு வந்துடுச்சாம். வாயில இன்னா கொழுக்கட்டையா? முப்பத்தொரு வீடும் போயிருக்குமே."

அவர் சொன்னது பொய்யில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் மாடத்தில் நோட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன் என்பது எனக்கே தெரியும். நான் கையிலிருந்த இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நயினார் எழுந்து, வீட்டுக்கு ஆளனுப்பி அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். அது வரும் வரை நின்றுகொண்டே இருந்தார். வந்ததும் விரித்துப் படித்தார். முதலில் நான் எழுதியதை, பிறகு அவர் எழுதியதை. "மழை ஈரம்" என்று படித்தார். "கோடையில் உதவும்" என்று படித்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டி, "பார்த்தேன். இருக்கட்டும்" என்பதையும் படித்தார். தன் எழுத்தை வேறு யாரோ எழுதியதுபோல், ஒரு வார்த்தை விடாமல்.

"எழுதச் சொல்லித்தான் இந்தப் பொண்ணை வெச்சேன். எழுதிச்சு. படிக்க வேண்டியவன் நானு. படிச்சிட்டும் எனக்கு எது வேணுமோ அதைப் பதிலா எழுதினவன் நானு. கட்டு என்னுது. பலகை போட்டவன் நானு. உங்களை அதுக்குக் கீழ கொண்டாந்து வெச்சவனும் நானு. வேற யாரையும் கேக்காதீங்க."

பெரியவர், "அதில்ல நயினார், ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அது வந்துச்சு. நான் எலையில இருக்கும்போது உள்ள வந்துச்சு. உங்கள்ல யாரு வருவீங்க?"

அப்புறம் அவர் சொன்னதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். "நண்டைக் கொல்லலன்னு இத்தினி நாள் பெருமையா இருந்தேன். கொல்லாம இருக்கணும்னா அதுக்கு மேல்வேலை செய்யணும். நான் கொல்லவும் இல்ல, வேலையும் செய்யல. அது தர்மம் இல்ல, சோம்பேறித்தனம்."

அந்தக் கோடையில் மேல்வேலையைச் செய்தார். தண்ணீர் வற்றியதும் கரையை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருந்த வளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நண்டுகளையும் எலிகளையும் பானைகளில் பிடித்து வண்டியில் ஏற்றித் தூரத்து ஓடையில் விடச் சொன்னார். "மனுசன் நடந்து போறான், நண்டுக்கு மாட்டு வண்டி" என்று முனுசாமி மேஸ்திரி வண்டியோட்டிக்கொண்டே போவார். வெட்டிய பள்ளத்தில் களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மாடுகளை விட்டு மிதிக்கவைத்து மறுபடி கரை எழுப்பினார்கள். மூன்று மாதம் ஆனது. ஒரு டப்பா மருந்தில் இந்த வேலை முடிந்திருக்காது என்று மேஸ்திரியே கடைசியில் ஒப்புக்கொண்டார். நண்டு செத்தாலும் ஓட்டை ஓட்டைதானே என்றார்.

கலங்கலில் பிறகு பலகை போடவே இல்லை. வாய்க்காலில் நெல் நடுவதையும் விட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களை அங்கிருந்து கிளப்பினார். மேட்டு ரோட்டோரம் இருந்த தன் நிலத்தில் மனை கொடுத்து, இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு வீடுகளையும் மேலே கொண்டுவந்தார். நாம் இப்போது இருக்கும் தெரு அதுதான். கரைக்கு அடியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கரையடி என்றே நிலைத்துவிட்டது. மேட்டில் ஈரமில்லை, இழை அறுகிறது என்று நாம் முணுமுணுத்ததையும் மறைக்க வேண்டாம். "குழியில மணல் போட்டுத் தண்ணி ஊத்திக்கோங்க. ஈரத்தைக் குடத்துல கொண்டுவரலாம்" என்றார். அப்படித்தான் இன்றும் செய்கிறோம்.

எனக்குப் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வந்தபோது போய்ச் சொன்னேன். வாயால் சொன்னேன். "நோட்டை யாருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போற?" என்று மட்டும் கேட்டார். ருக்கு அக்காவின் மகளைக் காட்டினேன். சரி என்றார். அவள் நன்றாகப் பேசுவாள், எழுத்து கோழிக் கிறுக்கல் என்றேன். அன்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் லீவில் வரும்போது அவரோடு ஒரு தரம் கரையைச் சுற்றி வருவேன். போன வருஷம் அவரால் முழுதும் நடக்க முடியவில்லை. மதகு வரை வந்து நின்றுகொண்டு, மீதியை நீ பார்த்து வந்து சொல் என்றார்.

அவரை எடுத்த அன்று நம் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நம்மில் ஒருவர் இறந்தால் நிறுத்துவதுபோல, யாரும் சொல்லாமலே நிறுத்தியிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்த பின் வீட்டார் கூடியிருந்த இடத்தில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகன் பத்மராஜ் வெளியூரில் வேலையில் இருப்பவர், நல்லவர், இந்தக் கட்டை அதிகம் அறியாதவர். கரைக்குக் கீழே நம் பழைய வீடுகள் இருந்த நிலம் சும்மாதானே கிடக்கிறது, இருபது மனை பிரிக்கலாம், கேட்டு வருகிறார்கள் என்று தன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கரை உறுதியாகத்தானே இருக்கிறது என்றார் மாமா. உறுதியாகத்தான் இருக்கிறது. அதை உறுதியாக வைத்திருந்தவர்தான் இல்லை.

நயினாரிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் வேலை, மனை, பாவு என்று நம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்று உண்டு. தன் தவறைக் கொண்டுவந்து காட்டியவளைக் கோபிக்காமல், அந்த இடத்தை முதலில் பார்க்க எழுந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் அப்படி இருந்தார் என்றால் இன்னொருவரும் இருக்கக்கூடும் என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அன்று அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வந்திருக்காது.

"வேணாங்க" என்றேன். "அங்க யாரையும் குடிவெக்கக் கூடாதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மாமா, "இது யாரு?" என்று கேட்டார். நயினாரம்மா, "கேளுங்க, சொல்லட்டும்" என்றார். கரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மண்தான் என்று சொன்னேன். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நிற்கும் என்று சொன்னேன். அப்பாவுடைய தறி இருந்த குழிக்கும் சரிந்த மண்ணுக்கும் எத்தனை அடி தூரம் என்று சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை.

பத்மராஜ் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் அதைப் பார்த்ததே இல்ல. நாளைக்குக் காலையில வந்து காட்டறீங்களா?" என்று கேட்டார்.

போய்க் காட்டினேன்.